உமி, தும்பு, சீனி: போமல்டிகைட் பசை இல்லாமல் பலகை செய்யும் முழு வழிகாட்டி

நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ இருபது கிலோ உமி மிஞ்சும். கிழக்கிலங்கையின் சம்மாந்துறை, அக்கரைப்பற்று, ஏறாவூர் பக்கத்து ஆலைகளில் அதில் ஒரு பங்கு நெல் அவிக்கும் அடுப்புக்கும், இன்னொரு பங்கு செங்கல் சூளைக்கும் போகிறது. மிச்சம் குவிந்து கிடந்து மாரி மழையில் நனைந்து ஊறுகிறது. அந்த உமியோடு தென்னந்தும்பை (தேங்காய் மட்டை நாரை) சேர்த்து, சீனியும் சிற்றிக் அமிலமும் கலந்த பசையால் ஒட்டி, சூடான அழுத்தியில் இறுக்கிப் பலகையாக்கும் முறையை இங்கே முழுதாகத் தருகிறோம். கணக்கு எல்லாம் 25 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிப்புள்ள ஒரு பலகைக்கு. அதன் எடை 500 கிராம், அடர்த்தி கன செ.மீ.க்கு 0.8 கிராம்.

கடையில் வாங்கும் துகள் பலகையையும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையையும் பெரும்பாலும் யூரியா போமல்டிகைட் பசைதான் பிடித்து வைத்திருக்கிறது. அதிலிருந்து மெதுவாகக் கசியும் போமல்டிகைட் வாயு கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. சீனிப் பசையில் அது இல்லை. சீனி கரும்பிலிருந்து வருவது. அம்பாறை மாவட்டத்து ஹிங்குராணையிலேயே கரும்பு பிழிகிறார்கள். சிற்றிக் அமிலத்தைக் கரும்புப் பாகு போன்ற இனிப்புச் சாறில் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து எடுக்கிறார்கள். உணவுக்குப் போடும் தரமே இந்த வேலைக்குப் போதும்.

முதன்முதலாகச் செய்பவர்கள் பசையின் அளவை மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே நாளைக் கழித்துவிடுகிறார்கள். பலகை கெடுவதற்குப் பெரும்பாலும் பசை காரணம் அல்ல. உமியின் தோலும், கலவையில் தங்கிவிட்ட ஈரமும்தான் காரணம். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் சரிக்கட்டுவதற்காகவே உள்ளவை.

உமி ஏன் ஒட்டாது

உமியை எரித்தால் அதன் எடையில் 15 முதல் 20 வீதம் சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. இந்தச் சிலிக்கா உமியின் வெளிப்புறத்திலேயே திரண்டு நிற்கிறது. அதன் மேல் மெல்லிய மெழுகுப் படலம் வேறு. வயலில் நெல்மணியை நனையாமலும் பூச்சி அரிக்காமலும் காக்கும் கவசம் இது. அதே கவசம் நமது பசையையும் உள்ளே விடாது. முழு உமியைப் பசையில் பிரட்டி அழுத்தினால் பலகை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கையால் வளைத்தால் உமி உமியாகக் கழன்றுவிடும். அதனால்தான் உமியை உடைக்க வேண்டும். உடைந்த விளிம்பில், தாவர நாரை ஆக்கும் பொருள்களான செலுலோசும் லிக்னினும் வெளிப்படும். பசை பிடிப்பது அங்கேதான்.

தும்பின் குணம் வேறு. அதில் லிக்னின் 40 வீதத்துக்கு மேல்; இழுத்தால் நீண்டு கொடுத்துத்தான் அறும். பலகை வெடிக்க எத்தனிக்கும் இடத்தில் குறுக்கே நின்று பிடித்துக்கொள்ளும். உமி மட்டும் போட்டால் பலகை பிஸ்கட்டுப் போல் முறியும். தும்பு மட்டும் போட்டால் பஞ்சு போல் எழும்பி அழுத்தத்துக்கு அடங்காது. உமி 70, தும்பு 30 என்ற விகிதத்தில் தொடங்குங்கள்.

எந்த உமி, எந்தத் தும்பு

ஆலைக்குப் போனால் முதலில் இயந்திரத்தைப் பாருங்கள். பழைய இரும்பு உருளை இயந்திரத்தில் உமி, தவிடு, குறுணல் மூன்றும் கலந்து விழும். தவிட்டில் உள்ள எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது, வண்டும் வரும். ரப்பர் உருளையில் உமி நீக்கும் ஆலையில் தவிடு சேராத சுத்தமான உமி கிடைக்கும். அதையே எடுங்கள். பச்சையரிசி உமி, புழுங்கலரிசி உமி இரண்டும் உதவும். ஒரே பலகைக்குள் கலக்காதீர்கள், நிறமும் ஈரமும் வேறுபடும். வெளியே குவியலில் மழை கண்டு கறுத்த உமி வேண்டாம்.

தும்பில் கவனிக்க வேண்டியது உப்பு. வாவிக் கரையில் உவர்நீரில் பொச்சு மட்டையை ஊறப்போட்டு அடித்த தும்பானால் அதில் உப்பு படிந்திருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். செய்து முடித்த பலகையும் மாரியில் வியர்த்து வீங்கும். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். கடைசியாக அலசிய நீர் நாக்கில் உப்புக் கரிக்காமல் இருக்க வேண்டும்.

வைக்கோல் தாராளமாகக் கிடைக்கிறதே என்று கேட்கலாம். ஒரு காலத்தில் வாழைச்சேனை ஆலையில் வைக்கோலைக் கொண்டே காகிதம் செய்தார்கள். பலகைக்கும் அது ஆகும். ஆனால் அதிலும் மெழுகும் சிலிக்காவும் உண்டு. நறுக்கினால் மட்டும் போதாது, அரைத்து நார் பிரிய வைக்க வேண்டும். உமியில் கை பழகிய பிறகு வைக்கோலுக்குப் போவது நல்லது.

உமியைப் பக்குவப்படுத்தல்

ஒரு பெரிய வாளித் தண்ணீரில் உமியைக் கொட்டிக் கிளறுங்கள். உமி மிதக்கும், கல்லும் மண்ணும் அடியில் தங்கும். மிதப்பதை அள்ளிக் கொதிநீரில் அரை மணி நேரம் அவித்து, நீரை வடித்து, வெயிலில் காய விடுங்கள். பிறகு சுத்தியல் வகை அரைவை இயந்திரத்தில் அரையுங்கள். கால்நடைத் தீவனம் அரைக்கும் மில் இதற்குப் பொருத்தம். சிலிக்கா இயந்திரத்தின் பற்களைத் தேய்க்கும் என்பதை மில்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை.

அரைத்ததை இரண்டு அரிதட்டுகளில் அரியுங்கள். 2 மி.மீ. கண்ணில் நிற்பதைத் திரும்ப அரைக்க வேண்டும். 0.5 மி.மீ. கண்ணில் விழும் தூளை ஒதுக்கிவிடுங்கள். தூளின் மேற்பரப்பு மிக அதிகம். பசையை எல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்ளும், பெரிய துகள்களுக்கு மிஞ்சாது. அரைக்கும்போதும் அரிக்கும்போதும் தூசு வடிக்கும் முகக்கவசம் கட்டாயம். துணி கட்டினால் போதாது.

காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால் மெழுகு இன்னும் நன்றாக நீங்கும்: லீற்றருக்கு 20 கிராம், அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம். ஆனால் முதல் பலகைகளுக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. காஸ்டிக் மிச்சமிருந்தால் சிற்றிக் அமிலம் அதோடு சேர்ந்து சோடியம் சிற்றேற்று உப்பாகிவிடும். பசையின் உயிரே போய்விடும். செய்தே ஆகவேண்டுமென்றால் தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது, ஐதரசன் வாயு கிளம்பும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பி.எச். தாள் 7ஐக் காட்டும்வரை அலசுங்கள். அலசிய கழிவு நீரை வினாகிரி விட்டு நடுநிலையாக்காமல் வெளியே ஊற்ற வேண்டாம். நம் கரையோரம் முழுக்க மணல் நிலம்; மேலே ஊற்றுவது கிணற்று நீருக்கு விரைவில் போய்ச் சேரும்.

தும்பை 1 முதல் 2 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். அதைவிட நீண்டால் உருண்டை பிடிக்கும். தும்போடு ஒட்டியிருக்கும் தூளான தும்புச்சோற்றை உதறி அகற்றுங்கள். அது தண்ணீரைப் பல மடங்கு உறிஞ்சும் பொருள்.

அளவுகள்

உலர் எடைக் கணக்கில் உமித் துகள் 280 கிராம், தும்பு 120 கிராம், சீனி 75 கிராம், நீரற்ற சிற்றிக் அமிலம் 25 கிராம். மொத்தம் 500. பசையைக் கரைக்க 70 மில்லிலீற்றர் தண்ணீர்.

கடையில் கிடைக்கும் சிற்றிக் அமிலம் நீரேறிய வகையானால் அதில் 8.6 வீதம் தண்ணீர். 25 கிராமுக்குப் பதில் 27.3 கிராம் எடுங்கள். பொதியில் எழுதியிருக்கும்.

காற்றில் உலர்ந்த உமியிலும் தும்பிலும் ஈரம் உண்டு. 100 கிராமை எடுத்து 105 பாகை செல்சியஸ் அவணில் வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை உலர்த்துங்கள். 90 கிராமில் நின்றால் ஈரம் 10 வீதம். அப்படியானால் 280 கிராம் உலர் உமிக்கு 311 கிராம் நிறுத்துப் போட வேண்டும். தும்பில் ஈரம் 12 வீதமானால் 136 கிராம். மாரியில் இந்த அளவு கிழமைக்குக் கிழமை மாறும். ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

சீனி மூன்று பங்கு, அமிலம் ஒரு பங்கு என்பதற்குக் காரணம் உண்டு. சூட்டில் அமிலம் சீனியைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைக்கிறது. அவை நீரிழந்து பியூரான் வகைச் சேர்மங்களாகி, ஒன்றோடொன்று பிணைந்து கறுப்புப் பிசினாக இறுகுகின்றன. கூடவே அமிலம் நாரிலுள்ள ஐதரொட்சில் தொகுதிகளோடு எசுத்தர் என்ற வேதிப் பிணைப்பையும் உண்டாக்குகிறது. அமிலம் கூடினால் நாரையே அரித்துப் பலகை நொறுங்கும். சீனி கூடினால் இறுக்கம் முழுமையடையாமல் பலகை ஈரத்தில் பிசுபிசுக்கும்.

அழுத்தி

25 செ.மீ. சதுரம் என்றால் 625 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 30 கிலோ அழுத்தம் வேண்டும். பெருக்கினால் ஏறத்தாழ 19 தொன். 20 தொன் ஜாக்கை அதன் எல்லைவரை இழுத்து வேலை வாங்குவது ஆபத்து. 30 தொன் வாங்குங்கள். சட்டகத்தைப் புதிதாக வெல்டிங் செய்வதைவிட, வாகனத் திருத்தகங்களில் பெயாரிங் கழற்றப் பாவிக்கும் 30 தொன் பிரெஸ் ஒன்றை எடுப்பது பாதுகாப்பு. வெல்டிங் விட்டுப்போனால் துண்டு பறக்கும். அழுத்தம் ஏறும்போது அழுத்திக்கு நேர் எதிரே நிற்காதீர்கள்.

சூடேற்ற 30 செ.மீ. சதுரமும் 20 மி.மீ. தடிப்பும் உள்ள இரண்டு இரும்புத் தகடுகள் வேண்டும். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் நான்கு துளை போட்டு 250 வாற்று ஹீட்டர் தடிகளைச் செருகுங்கள். துளை தடியைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. வரை மட்டுமே பெரிதாக இருக்கட்டும். இடைவெளி கூடினால் சூடு தகட்டுக்குப் போகாமல் தடி தானே எரிந்துபோகும். இது லேத் பட்டறையில் செய்ய வேண்டிய வேலை. மொத்தம் 2 கிலோவாற்று, 230 வோல்ற்றில் 9 அம்பியர் அளவு. ஒவ்வொரு தகட்டுக்கும் சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தனித்தனி பி.ஐ.டி. வெப்பக் கட்டுப்படுத்தி, சூட்டை அளக்கும் கே வகை வெப்ப இணை, ஹீட்டருக்குக் கறண்டை விட்டு நிறுத்தும், குளிர்த்தகடு பூட்டிய 25 அம்பியர் சொலிட் ஸ்டேட் ரிலே வையுங்கள். தகடு இரண்டையும் எர்த் செய்து, ட்ரிப் சுவிட்ச் வழியாக மட்டுமே கறண்ட் கொடுங்கள்.

தகட்டுக்கும் சட்டகத்துக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் கல்சியம் சிலிக்கேற்றுப் பலகை வையுங்கள். இல்லாவிட்டால் சூடு ஜாக்குக்கு இறங்கி எண்ணெய் சீலைக் கெடுக்கும். உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை இதற்கு வெட்டிப் போடும் வழக்கத்தை எந்த நிலையிலும் செய்ய வேண்டாம். வெட்டும்போது பறக்கும் நார் நுரையீரலில் தங்கிவிடும்.

தகட்டின் இரு ஓரத்திலும் 10 மி.மீ. இரும்புச் சட்டம் ஒவ்வொன்று. பலகையின் தடிப்பை நிறுத்துபவை இவை. கலவைக்கு மேலும் கீழும் டெஃப்லன் சீற் ஒவ்வொன்று. சீற் இல்லாமல் இரும்பு நேரே பட்டால் அமிலம் இரும்பை அரிக்கும். தும்பிலுள்ள துவர்ப்புப் பொருளான தனின் இரும்போடு சேர்ந்து கறுப்புக் கறை விழும். உருகிய சீனி தகட்டில் ஒட்டும். டெஃப்லன் 260 பாகையைத் தாண்டினால் சிதைந்து நச்சு வாயு விடும் என்பதால் கட்டுப்படுத்தியின் உச்ச எல்லையை 220இல் பூட்டி வையுங்கள்.

பசை பிரட்டலும் உலர்த்தலும்

தண்ணீரை இளஞ்சூடாக்கிச் சீனியையும் அமிலத்தையும் கரையுங்கள். துகளையும் தும்பையும் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் கலந்து, செடிக்கு மருந்தடிக்கும் சிறு கைத்தெளிப்பானால் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தபடி மற்றக் கையால் புரட்டுங்கள். மொத்தமாக ஊற்றினால் ஒரு பக்கம் கட்டி பிடித்து, மறுபக்கம் வெறுமையாக நிற்கும். தெளித்து முடிக்கக் கால் மணி நேரமாவது எடுக்க வேண்டும்.

இப்போது கலவை 617 கிராம் அளவில் இருக்கும். இதை 520 முதல் 525 கிராமுக்கு இறக்க வேண்டும். ஈரம் 4 முதல் 5 வீதம் என்று அர்த்தம். துருப்பிடிக்காத தட்டில் 2 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, 70 முதல் 80 பாகையில் காற்றோட்டமுள்ள உலர்த்தியில் வைத்து, மணிக்கு ஒருமுறை கிளறி நிறுத்துப் பாருங்கள். 90 பாகையைத் தாண்டவிட்டால் பசை அழுத்திக்குப் போகுமுன்பே வேலையைத் தொடங்கிவிடும்.

கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் வெயிலே போதும். காலை ஒன்பதுக்குப் பரப்பினால் பின்னேரத்துக்குள் காயும். எறும்பு மொய்க்கும், வலை மூடுங்கள். இரவில் வெளியே விட்டால் காய்ந்ததெல்லாம் ஈரத்தைத் திரும்பக் குடிக்கும். பின்னேரமே பொலித்தீன் பையில் இறுக்கக் கட்டிவிடுங்கள். கார்த்திகை முதல் தை வரை வெயிலை நம்பவே வேண்டாம்.

அழுத்துதல்

தகடுகளை 190 பாகைக்கு ஏற்றுங்கள். அரை மணி நேரம் பிடிக்கும். கட்டுப்படுத்தி காட்டும் எண் தடிக்குப் பக்கத்துச் சூடு. தகட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தொடு வெப்பமானியால் அளந்து, வேறுபாடு 5 பாகைக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் அகச்சிவப்புத் துப்பாக்கி பிழையாகவே காட்டும்.

அடியற்ற 25 செ.மீ. சதுர மரப்பெட்டியை, 15 செ.மீ. உயரத்தில், டெஃப்லன் சீற்றின் மேல் வையுங்கள். கலவையை விரலால் உதிர்த்துச் சீராகத் தூவுங்கள். மூலைகளில் சற்றுக் கூடுதலாகப் போடுங்கள். எப்போதும் குறைவது அங்கேதான். மூடிப்பலகை வைத்துக் கையால் அழுத்தி 3 செ.மீ. அளவுக்கு இறக்கி, பெட்டியை மேலே கழற்றுங்கள். மேல் சீற்றைப் போட்டு, உடனே அழுத்திக்குள் தள்ளுங்கள்.

ஒரு நிமிடத்துக்குள் தகடு ஓரச் சட்டங்களைத் தொடவேண்டும். இரண்டாவது நிமிடத்தில் அழுத்தத்தை முழுதாகத் தளர்த்திப் பத்து விநாடி விட்டு, மீண்டும் ஏற்றுங்கள். நான்காவது நிமிடத்தில் இன்னொரு முறை. நன்றாக உலர்ந்த கலவைக்கும் இந்த மூச்சு வேண்டும், ஏனென்றால் எசுத்தர் பிணைப்பு உண்டாகும்போதும் சீனி நீரிழக்கும்போதும் புதிதாகத் தண்ணீர் பிறக்கிறது. அது ஆவியாகி வெளியேற வழி வேண்டும். எட்டாவது நிமிடம்வரை முழு அழுத்தம். கடைசி இரண்டு நிமிடத்தில் மெல்ல மெல்ல இறக்குங்கள். மொத்தம் 10 நிமிடம். கருகிய சீனி மணமும் கண்ணைக் கரிக்கும் ஆவியும் வரும். நாற்புறமும் திறந்த கொட்டிலில் மட்டும் செய்யுங்கள், பக்கத்தில் தீயணைக்க மணல் வாளி இருக்கட்டும்.

முதல் பலகையில் மெல்லிய வெப்ப இணைக் கம்பியொன்றைக் கலவையின் நடுவில் புதைத்து விடுங்கள். நடுப்பகுதி 170 பாகையை எட்டிய பின் மூன்று நான்கு நிமிடமாவது அங்கே நிற்க வேண்டும். எட்டவில்லையென்றால் நேரத்தைக் கூட்டுங்கள். தகட்டின் சூட்டைக் கூட்டினால் மேற்பரப்பு கருகும்.

வெளியே எடுத்ததும் தட்டையான தளத்தில் குறுக்குச் சட்டங்கள் மேல் வைத்து, பாரம் ஏற்றி, ஒரு நாள் ஆறவிடுங்கள். ஓரங்களில் ஒன்றரை செ.மீ. பலவீனமாக இருக்கும், சீவி எறிந்தால் 22 செ.மீ. சதுரம் நிற்கும். கார்பைட் பல் வைத்த வாள் பாவியுங்கள், சாதாரண வாள் சிலிக்காவில் மழுங்கும்.

சோதனை

20 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் நான்கு கீலங்கள் வெட்டுங்கள். இரண்டு தாங்கிகளை 15 செ.மீ. இடைவெளியில் வைத்து, கீலத்தை மேலே கிடத்தி, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். முறியும்போது வாளியோடு சேர்த்த எடையை நிறுங்கள். ஒவ்வொரு கிலோவும் 0.44 மெகாபாஸ்கல் (வளைவு வலிமையை அளக்கும் அலகு). ஜப்பானியத் துகள் பலகைத் தரமான ஜே.ஐ.எஸ். ஏ 5908இன் அடித்தள வகைக்கு 8 மெகாபாஸ்கல் வேண்டும், அதாவது ஏறத்தாழ 18 கிலோ. இந்தக் கணக்கு சரியாக 1 செ.மீ. தடிப்புக்கு மட்டும் பொருந்தும். தடிப்பு 9 மி.மீ. ஆனால் தாங்கும் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

நீருக்கு: 5 செ.மீ. சதுரத் துண்டின் தடிப்பை வேர்னியரால் அளந்து, 24 மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தித் திரும்ப அளக்கவும். அதே தரத்தில் வீக்க எல்லை 12 வீதம். தண்ணீர் தேநீர் நிறத்துக்குக் கறுத்தால் பசை வேகவில்லை.

என்ன கெடும், ஏன்

பலகையின் நடுவில் கொப்புளம் எழுந்தாலோ அழுத்தியைத் திறக்கும்போது "டப்" என்று வெடித்தாலோ ஆவி அகப்பட்டிருக்கிறது. கலவை ஈரமாக இருந்திருக்கும், அல்லது கடைசி இரண்டு நிமிடத்தை அவசரப்பட்டு முடித்திருப்பீர்கள். மேல் கடினமாக இருந்து நடு மட்டும் தூளாக உதிர்ந்தால் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேரவில்லை. பலகை ஒரு பக்கமாக வளைந்தால் இரண்டு தகடுகளின் வெப்பமும் ஒன்றல்ல. எல்லாம் சரியாகச் செய்தும் வீக்கம் குறையாவிட்டால் தும்பின் உப்பையும், காஸ்டிக் பாவித்திருந்தால் அதன் மிச்சத்தையும் சந்தேகியுங்கள். முறிந்த இடத்தில் உமியின் பளபளப்பான தோல் முழுசாகத் தெரிகிறதா? அரைத்தது போதவில்லை. தோல் தெரியாமல் துகளே கிழிந்திருந்தால் ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது.

வேறு தாவரப் பசைகள்

மரவள்ளி மாக் கஞ்சி எளிது, மலிவு. ஆனால் தண்ணீர் பட்டதும் இளகும். நாற்றுச் சட்டி, முட்டைத் தட்டு போன்றவற்றுக்குத்தான் சரி. கஜுக் கொட்டைத் தோட்டு எண்ணெய் நம் மணல் காணிகளிலேயே கிடைக்கக்கூடிய அருமையான பிசின் மூலம். ஆயினும் பச்சை எண்ணெய் தோலைக் கொப்புளிக்க வைக்கும், அதை இறுக்க வழமையாகப் போமல்டிகைட்டே சேர்க்கிறார்கள். ஆய்வுகூட வசதியில்லாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

பெரிதாகச் செய்வது பற்றி

எட்டடிக்கு நாலடிப் பலகைக்கு இதே அழுத்தம் கொடுக்க 900 தொன் அளவு வேண்டும். அது தொழிற்சாலை வேலை. 22 செ.மீ. சதுரத்திலேயே நின்று, சுவர் ஓடு, சீலிங் ஓடு, தட்டு, மேசை மேல் பதிக்கும் துண்டு என்று செய்யுங்கள். 6 மி.மீ. ஓட்டுக்கு மொத்தக் கலவையும் 300 கிராமாகக் குறையும், அழுத்தும் நேரம் 6 முதல் 7 நிமிடம், ஓரச் சட்டமும் 6 மி.மீ. ஆக வேண்டும். பின்புறத்துக்கும் முன்புறத்துக்கும் ஒரே அளவு வார்னிஷ் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் குடித்து ஓடு வளையும். குளியலறைக்கும் மழை படும் விறாந்தைக்கும் இது ஆகாது.